பெஞ்சு வாங்கும் முன் பிள்ளைகளை அளந்து பார்ப்போம்: நம் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். நான் 2000-ஆம் வருடம் பத்தாம் வகுப்பு முடித்த செட். பேராவூரணிப் பக்கத்தில், நம் ஊரிலேயே இருக்கிறேன். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். அரசு கொடுக்கும் பள்ளிச் சீருடைகளைத் தைப்பதுதான் வருடத்தில் பாதி நாள் எனக்கு வேலை. என் மகள் இப்போது நம் பள்ளியில் ஆறாம் வகுப்பு. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சார்பில் நானும் ஒரு உறுப்பினர். நான் எழுதப்போவதை முன்னாள் மாணவியாகவும் தாயாகவும் தையல்காரியாகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மூன்றையும் பிரித்து எழுத எனக்கு வரவில்லை.

எங்கள் செட்டின் வெள்ளி விழாவுக்கு எல்லா செட்டும் சேர்ந்து பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுபோகலாம், 60 டூயல் டெஸ்க் (இரண்டு பேர் உட்காரும், பெஞ்சும் மேசையும் சேர்ந்த டெஸ்க்) வாங்கிக் கொடுக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சிங்கப்பூரிலிருந்து, மலேசியாவிலிருந்து, துபாயிலிருந்து, திருப்பூரிலிருந்து ஒவ்வொருவராகத் தொகை சொல்லிக்கொண்டே வந்தீர்கள். கஜா புயலில் தென்னந்தோப்பு மொத்தமும் போய், அந்தக் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு அண்ணன் ‘ஒரு பெஞ்சு என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்’ என்று சொன்னதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. நம் பள்ளிக்கு இத்தனை பேர் இருக்கிறோம் என்பதே எனக்குப் பெரிய தெம்பு.

மறுநாள் காலையில் கடைக்காரர் கொடுத்த டெஸ்க்கின் படமும் அளவும் வந்தன. உட்காரும் பலகை தரையிலிருந்து 18 அங்குலம். எழுதும் பலகை 30 அங்குலம். 60-ம் ஒரே அளவு. நான் உட்கார்ந்து தைக்கும் மெஷின் மேசையின் உயரமும் ஏறக்குறைய அந்த 30 அங்குலம்தான். அதில் என் மகளை ஒருமுறை உட்கார வைத்துப் பார்த்திருக்கிறேன். தாடை மேசை விளிம்பில் இடிக்காத குறை.

படத்தைப் பார்த்துக் குறை சொல்வது சுலபம் என்பதால் அன்றே தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் போனேன். 34 பிள்ளைகள். சட்டைக்கு நாங்கள் தோளும் மார்பும் கையும் அளப்போம். பெஞ்சுக்கு அளக்க வேண்டிய இடம் வேறு. முழங்காலின் பின்பக்க மடிப்பிலிருந்து குதிகால் ஊன்றும் தரை வரை. வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவராக அளந்தேன். வகுப்பிலேயே குட்டையான பையனுக்கு 12¾ அங்குலம். முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு 14-லிருந்து 15 வரை. வகுப்பிலேயே உயரமான பெண் ஒருத்திக்கு 16½. பதினெட்டு அங்குலம் எவருக்கும் இல்லை.

அப்புறம் ஆசிரியர்கள் உட்காரும் நாற்காலி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். அதன் உயரம் சரியாக 18 அங்குலம். அந்த 12¾ அங்குலப் பையனை அதில் உட்கார வைத்து, முன்னால் ஒரு மேசையைப் போட்டு, பாடத்தில் ஒரு பக்கத்தை எழுதச் சொன்னேன். முதலில் நன்றாக உட்கார்ந்தான். கால் தரையைத் தொடவில்லை, ஐந்து அங்குலத்துக்கு மேல் தொங்கியது. நாலு வரி எழுதுவதற்குள் முன்னால் நகர்ந்து நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். பெருவிரல் மட்டும் தரையைத் தேடியது. கொஞ்ச நேரத்தில் வலது காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்தான். பிறகு இரண்டு காலையும் மடித்து முட்டி போட்டுக்கொண்டான். ‘ஏன் தம்பி, ஒழுங்கா உட்காரேன்’ என்றேன். ‘காலு மரத்துப் போச்சு அத்தை’ என்றான்.

அவன் சொன்னது சின்ன விஷயம் இல்லை. கால் தொங்கும்போது உடம்பின் பாரம் பாதத்துக்குப் போகாமல் தொடையின் அடிப்பக்கத்தில் விழுகிறது. பலகையின் விளிம்பு அந்த இடத்தை அழுத்துகிறது, கால் மரத்துப் போகிறது. பிள்ளை நுனிக்கு நகர்ந்தால் முதுகுக்குச் சாய்மானம் போய்விடுகிறது. எழுதும் பலகை உயரமாக இருந்தால் தோளைத் தூக்கிக்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம், வருடத்துக்கு 200 நாளுக்கு மேல் இப்படி உட்கார்ந்தால் அந்த முதுகும் கழுத்தும் என்ன ஆகும்? நாம் படித்தபோது ‘காலை ஆட்டாதே’ என்று எத்தனை அடி வாங்கியிருப்போம். தரை எட்டாத காலை ஆட்டாமல் வைத்திருப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நம் தம்பிகளில் ஒருவர் சிங்கப்பூரில் என்ஜினீயர். இதை அவரிடம் சொன்னதும் ஐரோப்பிய நாடுகளில் பள்ளி மேசை நாற்காலிக்கு வைத்திருக்கும் அளவு முறையை அனுப்பினார். பிள்ளையின் உயரம் 119-லிருந்து 142 சென்டிமீட்டர் வரை என்றால் உட்காரும் பலகை 35 சென்டிமீட்டர், எழுதும் பலகை 59. உயரம் 133-லிருந்து 159 வரை என்றால் 38-ம் 64-ம். அதற்கு மேல் 176 வரை 43-ம் 71-ம். நம் கடைக்காரர் கொடுத்த 18 அங்குலம், 30 அங்குலம் என்பது அந்த முறையில் 46-ம் 76-ம். 159 சென்டிமீட்டரிலிருந்து 188 வரை உயரம் உள்ளவர்களுக்கு உரியது. ஆறாம் வகுப்புக்கு வேண்டியதை அங்குலத்தில் சொன்னால் உட்காரும் பலகை 14, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு 15. என் டேப் சொன்னதும் அந்த அட்டவணை சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. அளவு என்பது எந்த ஊரிலும் அளவுதான்.

‘பிள்ளைகள் வளரத்தானே போகிறார்கள், பெரிதாகவே வாங்கிவிட்டால் என்ன’ என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சீருடை தைக்கும்போது தாய்மார்கள் என்னிடம் சொல்வதும் இதேதான்: ‘வளர்ற பிள்ளை, கொஞ்சம் லூசா தைங்க.’ நானும் கீழே உள்மடிப்பு விட்டுத்தான் தைப்பேன். அடுத்த வருடம் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். சட்டை பிள்ளையோடு கூடவே போகிறது, அதனால் அது சரி. பெஞ்சு அந்த வகுப்பறையிலேயே இருக்கிறது. பிள்ளை வளர்ந்து ஏழாம் வகுப்புக்குப் போனதும் அந்த இடத்துக்கு இன்னொரு பத்து வயதுப் பிள்ளை வருகிறது. அந்த அறை எப்போதும் ஆறாம் வகுப்புதான்.

சரி, எந்த வகுப்புக்கு முதலில் என்பதையும் பேசிவிடுவோம். இதுவரை பள்ளிக்கு எது வந்தாலும் பத்தாம் வகுப்புக்குத்தான் முதலில் போயிருக்கிறது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் என்று அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஆனால் இன்று ஒன்பது, பத்தில் எல்லோருக்கும் பெஞ்சு இருக்கிறது. எட்டாம் வகுப்பில் உடைந்ததும் உடையாததுமாக நெருக்கி உட்காருகிறார்கள். ஆறும் ஏழும் தரையில். நாம் உட்கார்ந்தோமே, அதே சிமெண்டுத் தரை. நமக்காவது மணைப்பலகை இருந்தது, நீளமாக, நாலு பேர் உட்காரும்படி. இப்போது அதுவும் இல்லை, பிளாஸ்டிக் பாய்.

அக்காமாருக்கும் தங்கைகளுக்கும் நான் சொல்லாமலே இது தெரியும். பெண் பிள்ளைகள் ஆறாம், ஏழாம் வகுப்பில்தான் வயதுக்கு வருகிறார்கள். அந்த நாட்களில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்னால் குனிந்து எழுதி, எழுந்திருக்கும்போது பின்பக்கம் என்ன ஆகியிருக்கிறதோ என்று தோழியைப் பார்க்கச் சொல்லி, அவள் தலையாட்டிய பிறகு நடக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் நான் மாதம் இரண்டு மூன்று நாள் வயிற்றுவலி என்று சொல்லி லீவு போட்டது இதற்காகத்தான். வயிற்றுவலியும் இருந்தது, அது பொய் இல்லை. ஆனால் ஒரு பெஞ்சு இருந்திருந்தால் அதில் பாதி நாளாவது போயிருப்பேன். இதை ஆண்களும் படிக்கும் மடலில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் மகளும் அந்த வயதில் நிற்பதால் எழுதுகிறேன்.

அதனால் என் வேண்டுகோள் இது. ஆறாம் வகுப்பில் 34, ஏழில் 38, எட்டில் 41, ஆக மொத்தம் 113 பிள்ளைகள். இரண்டு பேர் உட்காரும் டெஸ்க் 60 என்றால் 120 இடம். மூன்று வகுப்புக்கும் தாராளமாகப் போதும். அந்த 60-ஐ மூன்று அளவில் செய்யச் சொல்லலாம்: உட்காரும் பலகை 14 அங்குல உயரத்தில் 18 டெஸ்க், 15 அங்குலத்தில் 24, 17 அங்குலத்தில் 18. ஒரே வகுப்பிலும் ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் ஒரு முழம் வித்தியாசம் இருக்கும் வயது இது. எனவே ஆறாம் வகுப்பிலும் ஐந்தாறு பெரிய அளவு போட வேண்டும், ஏழாம் வகுப்பிலும் சில சின்ன அளவு வேண்டும். எந்த அறைக்கு எத்தனை என்று நான் எல்லாப் பிள்ளைகளையும் அளந்து எழுதித் தருகிறேன். இரண்டு நாள் வேலை.

மூன்று அளவுக்கும் காலுக்கு மூன்று நிறம் அடித்துவிட்டால் குழப்பம் வராது. நம் பள்ளி வாக்குச்சாவடியும்கூட. தேர்தல் வந்தால் எல்லாப் பெஞ்சும் வராந்தாவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடும். மறுநாள் எது எந்த அறைக்கு என்று நிறத்தைப் பார்த்தே பிள்ளைகள் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள்.

மூன்று பேர் உட்காரும் டெஸ்க் வாங்கினால் செலவு குறையும் என்றும் ஒருவர் சொன்னார். குறையும்தான். ஆனால் நடுவில் இருக்கும் பிள்ளை கரும்பலகைக்குப் போக வேண்டும் என்றால் ஓரத்தில் இருப்பவர் எழுந்து வழிவிட வேண்டும். பெருக்கும் அக்காவுக்கு அதைத் தனியாக நகர்த்தவும் முடியாது, அவ்வளவு கனம். எட்டாம் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு பிள்ளை இருக்கிறாள். இப்போது அவள் நடைபாதையில் தனியாக, மடியில் அட்டை வைத்து எழுதுகிறாள். பெஞ்சுப் பகுதி இல்லாத ஒரு மேசை, சக்கர நாற்காலி உள்ளே போகும் அகலத்தில், ஒன்றே ஒன்று செய்தால் போதும். அவளும் தோழிகளோடு வரிசையில் உட்காருவாள். அவளுடைய நாற்காலியையும் அளந்து வைத்திருக்கிறேன்.

பொருளின் தரத்தைப் பற்றி நான் சொல்வதைவிட, போன முறை நடந்ததைச் சொன்னால் போதும். 2017-இல் ஒரு செட் ஆசையோடு 20 டெஸ்க் கொடுத்தது. பளபளவென்று இருந்தது. மேல்பலகை மரத்தூளை அழுத்திச் செய்து மைக்கா ஒட்டிய பலகை. அடுத்த வருடம் நவம்பர் 16, கஜா. ஓடு பறந்து, ஜன்னல் போய், வகுப்பறைக்குள் மழை கொட்டியது. தண்ணீர் வடிந்து பத்து நாள் கழித்துப் பள்ளிக்குப் போனபோது அந்தப் பலகைகள் எல்லாம் ஊறி, ஓரம் பிளந்து, ரொட்டியைத் தண்ணீரில் போட்டதுபோல் உப்பியிருந்தன. விரலால் தொட்டால் உதிர்ந்தது. அதே அறையில், அதே மழையில் நனைந்த பழைய வேங்கை மரப் பெஞ்சு வெயிலில் இரண்டு நாள் கிடந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்துவிட்டது. கொடுத்தவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நமக்கு இப்போது தெரியும்.

நம் ஊர் வெல்டிங் பட்டறையில் விசாரித்தேன். சட்டத்துக்கு 18 கேஜ் பைப் போட்டால் 1.2 மில்லிமீட்டர் தடிமன்தான், 16 கேஜ் என்றால் 1.6. பிள்ளைகள் பெஞ்சில் ஏறுவார்கள், இழுப்பார்கள், இருவர் இடத்தில் நால்வர் உட்காருவார்கள். 16 கேஜ் கேளுங்கள். மேலே தண்ணீர் தாங்கும் பிளைவுட், ஓரமெல்லாம் பீடிங் அடித்து, மூலையை உருட்டி. காலுக்கு ரப்பர் புஷ் கட்டாயம். இல்லாவிட்டால் இழுக்கும் சத்தத்தில் பக்கத்து வகுப்பில் பாடம் நடக்காது, தரையும் பெயர்ந்துபோகும். துரு பிடிக்காமல் இருக்க முதலில் ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் பெயிண்ட். பட்டறைக்காரர் நம் பள்ளியில் படித்தவர்தான். முதலில் அளவுக்கு ஒன்றாக மூன்று மாதிரி செய்து தருகிறேன், பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு மீதியை ஆர்டர் கொடுங்கள் என்கிறார். துணிக்கு டிரயல் பார்ப்பதுபோல. நகரத்துக் கடையில் வாங்கினால் இந்த வசதி கிடைக்காது. பின்னால் ஒரு கால் விட்டுப்போனால் தூக்கிக்கொண்டு போய் வெல்டு வைக்க அவர் இங்கேயே இருப்பார் என்பதும் ஒன்று.

பழைய பெஞ்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் பதினோரு மரப் பெஞ்சும் டெஸ்க்கும் கிடக்கின்றன, உங்களில் பலர் உட்கார்ந்தவை. ஏலத்துக்கு என்று ஒதுக்கி வைத்தது. காலின் அடிப்பகுதி மட்டும்தான் உளுத்திருக்கிறது, பலகை கல் மாதிரி இருக்கிறது. என் மாமனார் தச்சு வேலை தெரிந்தவர். குழுவில் தீர்மானம் போட்டு, தலைமையாசிரியர் கையெழுத்தோடு, ஒன்றை மட்டும் எடுத்தோம். உளுத்துப்போன நாலு அங்குலத்தை அறுத்துத் தள்ளினார். பதினெட்டு அங்குலப் பெஞ்சு 14 அங்குலம் ஆனது. டெஸ்க்கின் காலையும் கணக்குப் பார்த்துக் குறைத்தார். இழைப்புளி போட்டதும் உள்ளே இருந்து சிவப்பாக வந்தது பாருங்கள், அந்த மரம், அந்த வாசனை! அதை ஆறாம் வகுப்பில் கொண்டுபோய்ப் போட்டோம். என் மகள் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் தரையில் வைத்து, ‘அம்மா, எட்டுது’ என்றாள். அன்றிலிருந்து அந்தப் பெஞ்சுக்குத் தினமும் போட்டி. ஆசிரியை முறை வைத்து உட்கார வைக்கிறார். மீதிப் பத்தையும் இதேபோல் செய்துவிடலாம். மாமனார் கூலி வேண்டாம் என்கிறார். ஆணியும் வார்னிஷும் மட்டும் செலவு.

அந்தப் பெஞ்சுகள் எப்படி வந்தன என்று மாமனார்தான் சொன்னார். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. அரசிடம் பணம் இல்லை, ஊர் சேர்ந்து கொடுக்கட்டும் என்றார்கள். ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்தார்கள், கிணறு வெட்டினார்கள், கரும்பலகையும் மேசையும் கொடுத்தார்கள். நம் ஊரிலும் ஒரு தோப்புக்காரர் மரம் கொடுத்திருக்கிறார். ஆசாரிகள் பள்ளி வளாகத்திலேயே பட்டறை போட்டு, இடத்தைப் பார்த்துச் செய்து கொடுத்தார்களாம். அறுபது வருடம் தாண்டியும் அந்தப் பலகை அப்படியே இருப்பதற்கு மரம் ஒரு காரணம், கண் முன்னால் செய்தது இன்னொரு காரணம் என்று மாமனார் சொல்கிறார்.

நம் பக்கத்தில் மொய் விருந்து எப்படி நடக்கும் என்று வெளியூரில் இருப்பவர்களுக்கும் மறந்திருக்காது. ஆடி பிறந்தால் பந்தலும் கறிச்சோறும். பத்து வருடத்துக்கு முன் யார் எவ்வளவு செய்தார், எப்போது திருப்ப வேண்டும் என்று ஒரு ரூபாய் பிசகாமல் நோட்டு வைத்திருப்போம். அதே கவனத்தை இந்தப் பெஞ்சுக்கும் காட்டும்படி கேட்கிறேன். ஒவ்வொரு டெஸ்க்குக்கும் அடியில் ஒரு எண். ஒரு நோட்டில் அந்த எண், அளவு, எந்த அறை, எப்போது பழுது பார்த்தது என்று எழுதி வைப்போம். பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் அரசுக் கணக்குப்படி ஏற வேண்டியது தனியாக ஏறட்டும், அதைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார். நான் சொல்வது நம் கையில் இருக்கும் நோட்டு. வருடா வருடம் மே மாதக் கடைசியில், பள்ளி திறப்பதற்கு முன் ஒரு நாள், ஊரில் இருக்கும் நாங்கள் பத்துப் பேர் போய் ஆணி அடித்து, புஷ் மாற்றி, வெல்டு விட்டதைப் பட்டறைக்கு ஏற்றிவிடுகிறோம். அதற்காக இப்போது சேரும் பணத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக வையுங்கள். 60-க்குப் பதில் 54 வந்தாலும் பரவாயில்லை. அறுத்துக் குறைத்த பழைய பெஞ்சுகள் அந்த ஆறுக்கும் ஈடு கொடுத்துவிடும். 2017-இல் வந்த டெஸ்க்கின் இரும்புச் சட்டங்கள் 20-ம் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. பலகை மாற்ற ஒரு சின்னத் தொகை இல்லாமல்தான் மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. அவற்றையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட ஆசை.

முறைப்படி செய்வதைப் பற்றியும் சொல்கிறேன், சிலர் பயப்படுகிறீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான். 2024-இல் குழுவைப் புதிதாக அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பது 1994 செட் அண்ணன், எல்லோருக்கும் தெரிந்தவர். என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று குழுவில் தீர்மானம் போட்டுவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது. கம்பெனியில் இருப்பவர்கள் சிஎஸ்ஆர் நிதி (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) வாங்கித் தர முடியும் என்றால், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாகப் பள்ளியின் பெயரைச் சொல்லியே கொடுக்கலாம். அதற்கும் குழுவின் தேவைப் பட்டியல் உதவும். தனித்தனியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பெயர் எழுதுவதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. ஒவ்வொரு டெஸ்க்கின் முதுகிலும் கொடுத்தவர் பெயரும் செட்டும் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்று சிலர் விரும்புகிறீர்கள். கொடுக்கிற மனதுக்கு அந்த ஆசை வருவது இயற்கை, நான் அதைத் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் பின்னால் உட்காரும் பிள்ளை வருடம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இது தனக்கு யாரோ போட்ட பிச்சை என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றிவிட்டால் நாம் கொடுத்தது வீணாகிவிடும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பெஞ்சு என்பது உரிமை. கொடுக்க வேண்டியது அரசு, அது வந்து சேரும்வரை அண்ணன் அக்காவாக நாம் தாங்கிப் பிடிக்கிறோம். வராந்தாவில் ஒரே ஒரு பலகை வைத்து எல்லா செட்டின் பெயரையும் எழுதலாம். ஒரு பெஞ்சு சொன்ன அந்தத் தென்னந்தோப்பு அண்ணனின் செட்டும், பத்துப் பெஞ்சு சொன்னவரின் செட்டும் ஒரே அளவு எழுத்தில் வரட்டும். அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்பதையும் நாங்கள் விடவில்லை. ஓடு மாற்றச் சொல்லியும் கூடுதல் வகுப்பறை கேட்டும் குழுவில் போட்ட தீர்மானங்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

கல்விச் சீர் ஊர்வலம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேளம், தாம்பாளத் தட்டு, பழம், பூ, அதன் நடுவில் தலையில் சுமந்து வரும் உலக உருண்டையும் சுவர்க் கடிகாரமும். பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்குச் சீர் போவதுபோல் ஊர் தன் பள்ளிக்குச் சீர் கொண்டுபோவது நம் பக்கத்து வழக்கம், அது நிற்கவே கூடாது. அன்றைக்குச் சனிக்கிழமையாக இருக்கட்டும், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு. பிள்ளைகளைக் காலையிலிருந்து வரிசையில் நிற்க வைக்க வேண்டாம். பேச்சு குறைவாக, சாப்பாடு நிறைவாக. வெளியூரிலிருந்து வருபவர்கள் தத்தம் பழைய வகுப்பறையில் ஐந்து நிமிடம் பிள்ளைகளோடு அந்தப் புதுப் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். 14 அங்குலப் பெஞ்சில் உட்கார்ந்தால் உங்கள் முட்டி நெஞ்சுக்கு வரும். அவர்களுக்குச் சரியாக இருக்கும்.

அடுத்த குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு, பத்தாம் வகுப்பு அறையில். அதற்குள் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பையும் அளந்து முடித்துவிடுவேன். பட்டறையில் மூன்று மாதிரி டெஸ்க்கும் அன்று தயாராக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் நேரில் வாருங்கள். வர முடியாதவர்களுக்கு, மூன்று டெஸ்க்கிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பக்கவாட்டில் எடுத்து அன்று இரவே அனுப்புகிறேன். பாதம் தரையில் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். யாருக்காவது கால் தொங்குவதுபோல் தெரிந்தால் உடனே சொல்லுங்கள், ஆர்டர் கொடுப்பதற்கு முன் மாற்றிவிடலாம். கடைக்காரருக்கு முன்பணம் கொடுப்பதை மட்டும் அந்த வெள்ளிக்கிழமை வரை நிறுத்தி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை, சிலருக்கு அக்கா
2000-ஆம் வருட பத்தாம் வகுப்பு செட்